காதில் ஊற்றாத தண்ணீர்

ரெக்கார்டு மறுபடியும் ஃபிளெக்ஸைத் தின்றுகொண்டிருந்தது.

விளாங்குடியில் அவர்கள் தெரு திண்டுக்கல் சாலையைத் தொடும் முனையில் மூங்கில் சட்டம் கட்டி அதை நிறுத்தியிருந்தார்கள். மைதானத்தில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிய நல்லகாமனின் படம். 'விளாங்குடி பெற்ற வெற்றித் திருமகனே' என்று மேலே எழுதி, தெருக்காரர்களின் முகங்களை வட்ட வட்டமாகக் கீழே போட்டிருந்தார்கள். கடா அடிமூலையைக் கடித்து இழுத்தது. நல்லகாமனின் ஒரு முழங்கால் ஏற்கெனவே அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

நல்லகாமன் மொட்டைமாடியில் நின்று அதைப் பார்த்தான். வலது கையில் ஓர் எலுமிச்சம்பழம். மணிக்கட்டு மடங்கி விரியும்போதெல்லாம் பழம் மேலே எழும்பிச் சுழன்று உள்ளங்கைக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கு ஏறினான், இறங்கினான். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தான். கையில் எதையாவது சுழற்றாவிட்டால் இன்னும் மோசமாக இருந்தது. சுழற்றினால் மோதிர விரலின் மூட்டு வலித்தது.

"ஏய் ரெக்கார்டு! அதத் திங்காதடா, வயிறு ஊதிரும்!" கீழே அக்கா ஜெயக்கொடி அகத்திக்கீரைக் கட்டோடு ஓடினாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்குடா சாமி!"

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தப் பெயரை வைத்தது தெருதான். இரண்டு வருடங்களுக்கு முன், டெஸ்ட் கிரிக்கெட்டில் நாட்டின் லெக் ஸ்பின்னர் எவரும் எடுக்காத அளவு விக்கெட்டுகளை எட்ட நல்லகாமனுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. ஒரு தொடர், மிஞ்சினால் இரண்டு தொடர். ஜெயக்கொடி செக்கானூரணிக்கு மேற்கே கண்மாய்க்கரையில் இருக்கும் குலசாமி கருப்பன் முன்னால் போய் நின்று, பங்காளிகள் அத்தனை பேரும் கேட்கும்படி நேர்ந்துவிட்டாள். தம்பி ரெக்கார்டை உடைத்தால் கடா வெட்டுகிறேன். அந்த வாரமே ஒரு கருப்புக் குட்டியை வாங்கி வந்து காதில் மஞ்சள் தடவிவிட்டாள்.

பிறகுதான் அவன் தோள் விலகியது. அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி அறுவை சிகிச்சை. குட்டி வளர்ந்தது. நேர்ந்துவிட்ட ஆட்டை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, பிறர் வீட்டுத் தோட்டத்தில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. அது டீக்கடை வாழைப்பழத் தாரில் வாய் வைத்தது. கோலத்து மாவை நக்கியது. யார் வீட்டு வாசலில் படுத்தாலும் அந்த வீட்டுக்காரர்கள் அதற்குக் கஞ்சித் தண்ணீர் வைத்துவிட்டு, எதிரே வரும் நல்லகாமனிடம், "என்னண்ணே, எப்பக் கறி?" என்றார்கள். கேலியாகத்தான் கேட்டார்கள். தோளில் பட்டையோடு நடந்த அந்த மாதங்களில், கடாவின் கொம்பு முறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் தன் வயதை அவன் உணர்ந்தான்.

இப்போது கொம்பு காதுக்குப் பின்னால் முழு வட்டம் போட்டுவிட்டது. ரெக்கார்டும் உடைந்துவிட்டது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தேர்வுக்குழுத் தலைவர் கல்யாணராமன். முன்னாள் ஆட்டக்காரர். ஒரு காலத்தில் அணிக்கு முதல் ஆளாக இறங்கி மட்டை பிடித்தவர்.

"நல்லா, தோள் எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

"விரல்?"

"அதுவும் இருக்கு சார்."

அவர் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "கடைசி டெஸ்ட்ல நீ ஆடறேன்னா நான் வேண்டாம்னு சொல்லப்போறதில்லை. ஆனா யோசிச்சுப் பாரு. ரெக்கார்டு வந்தாச்சு. சீரிஸும் நம்ம கையில. நீ ரிட்டயர் ஆறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, முதல் நாள் கார்த்தால மைதானத்துக்கு நடுவுல நிக்க வச்சு மாலை போட்டு அனுப்பறோம். அங்க பிட்ச் பச்சைப்பசேல்னு இருக்காம், பந்து திரும்பாது. நாள் பூரா அடி வாங்கிட்டு விக்கெட் இல்லாம வெளில வந்தேன்னா, ஜனங்களுக்குக் கடைசியா அதுதான் கண்ணுல நிக்கும்."

"சரி சார்."

"நீ எப்பவும் சரின்னுதான் சொல்றே. எதுக்குச் சரின்னுதான் புரியமாட்டேங்கறது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. டீம் அறிவிக்கணும்."

போன் அடங்கிய பிறகும் அவன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கீழே கடா அகத்திக்கீரையை மோந்து பார்த்துவிட்டு மறுபடி ஃபிளெக்ஸுக்கே போனது.

அந்தப் பந்து நன்றாகத்தான் விழுந்தது. அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

நான்காவது டெஸ்ட்டின் கடைசி நாள். முந்தைய நாள் மாலையே பழைய சாதனையைத் தொட்டிருந்தான். தாண்ட ஒன்று வேண்டும். காலையிலிருந்து வீசியும் ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் அரங்கம் முழுவதும் எழுந்து நின்று உட்கார்ந்தது. மோதிர விரலில் தோல் வெடித்து, பந்தின் தையலில் மெல்லிய சிவப்புக் கோடு படிந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு அந்தப் பந்து. லெக் ஸ்டம்புக்கு நேரே விழுந்து, திரும்பி, மட்டையின் ஓரத்தை விட்டு விலகிப் போனது. போகும்போது ஒரு சத்தம். கீப்பர் பந்தை மேலே எறிந்தான். ஸ்லிப்பில் நின்றவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

மட்டை கால்காப்பில் உரசிய சத்தம் அது. நல்லகாமனுக்குத் தெரியும். பந்து மட்டையில் பட்டால் வரும் சத்தத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். இது இழுபட்டது. பந்தும் தன் பாதையிலிருந்து நூலளவும் விலகவில்லை.

தெரிந்தும் அம்பயர் பக்கம் திரும்பினான். மண்டியிட்டான். இரண்டு கைகளையும் தூக்கித் தொண்டை கிழியக் கேட்டான்.

அம்பயர் உடனே கையைத் தூக்கவில்லை. அவனைப் பார்த்தார். பந்தையோ மட்டையையோ அல்ல, அவனை. பிறகு விரல் உயர்ந்தது.

நல்லகாமன் கேட்டால் அவுட்டாகத்தான் இருக்கும் என்பது அம்பயர்கள் நடுவே ஒரு பேச்சு. அப்படி அளந்து கேட்பது மதுரை மாவட்ட லீக்கில் ஆடிய காலத்தில் அவனுக்குப் படிந்த பழக்கம். அங்கே கீழ்டிவிஷன் ஆட்டங்களில் தனியாக அம்பயர் வைக்க வசதி கிடையாது. மட்டை பிடிக்கும் அணியின் ஆள் ஒருவனே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பான். எல்லாவற்றுக்கும் கத்தினால் அவன் எதற்கும் கையைத் தூக்க மாட்டான், சண்டைதான் வரும். நல்லகாமன் உறுதியாகத் தெரிந்ததற்கு மட்டும், அதையும் மெதுவாக, "என்னண்ணே?" என்று கேட்பான். அவுட்டாவது சொந்த அணிக்காரனே என்றாலும் அந்தக் கேள்விக்கு அவர்களால் பொய் சொல்ல முடியவில்லை. டெஸ்ட் ஆட வந்த பிறகும் அவன் அப்படியே இருந்தான். மற்றவர்கள் ஓவருக்கு நான்கு முறை குதித்தபோது அவன் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பி நடந்தான்.

அத்தனை வருடத்து மௌனத்தையும் அன்று ஒரே கூச்சலில் செலவழித்துவிட்டான். தீர்ப்பை எதிர்த்துக் கேட்க எதிரணியிடம் ரிவ்யூ மிச்சமில்லை. மட்டையை இடுக்கிக்கொண்டு அந்த ஆட்டக்காரன் அவன் பக்கமாகவே கடந்து போனான். நல்லகாமன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். தொலைக்காட்சியில் சத்தத்தைக் காட்டும் கோடு பந்து மட்டையைக் கடக்கும்போது அசையாமல் கிடந்ததை இரவே காட்டினார்கள். ஒரு நாள் பேசினார்கள். அவுட் கொடுத்தது அம்பயர், அதற்கு இவன் என்ன செய்வான் என்று எல்லோரும் முடித்துக்கொண்டார்கள். புத்தகத்தில் ஏறியது ஏறியதுதான்.

அவன் மட்டும் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தான். கழித்தால், இன்னும் ஒன்று பாக்கி.

படியேறி அஸ்வினி வந்தாள். காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். பதினோரு வருடமாக அவனோடு வாழ்கிறவள். அவன் பேசாமல் இருப்பதில் எத்தனை வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும். அவளும் கொஞ்ச நேரம் ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணம் ஆனதுலருந்து உங்க மேட்ச் ஒண்ணு விடாமப் பாக்குறேன்" என்றாள். "நீங்க மண்டி போட்டு நான் பாத்ததே இல்ல."

எலுமிச்சம்பழம் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. அவன் எடுக்கப் போகவில்லை.

"காபி ஆறுது" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உறவுக்காரர்கள் வேன்களில் முன்னால் போய்விட்டார்கள். அஸ்வினி அவர்களோடு போனாள். நேர்த்திக்கடன் யாருக்காகவோ அவரே கடாவின் கயிற்றைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும் என்பது முறை. அதனால் நல்லகாமன் குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்பக்கம், விரித்த சாக்கின் மேல், ரெக்கார்டோடு உட்கார்ந்தான். கடாவைக் குளிப்பாட்டிக் கொம்பில் பூச்சுற்றியிருந்தார்கள். அவனுக்கும் புது வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்கா வீட்டுக்காரர் முத்துப்பாண்டி வண்டியை ஓட்டினார்.

பைபாஸில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவனை அடையாளம் கண்டு, போனை நீட்டிப் படமெடுத்தபடி வண்டியை ஒட்டியே வந்தார்கள். "தல, கெடாவத் தூக்கிக் காட்டுங்க தல!" அவன் கையை மட்டும் அசைத்தான். கடா அவர்களைப் பார்த்துக் கத்தியது.

"உங்கள விட அதுக்குத்தான் மாப்ள மவுசு!" முத்துப்பாண்டி முன்னாலிருந்து கத்தினார். நாகமலை பக்கத்திலேயே ஓடி வந்துகொண்டே இருந்தது. "உங்கக்கா ரெண்டு நாளாத் தூங்கல. இதோட முடிஞ்சிருச்சுன்னா நிம்மதியாப் படுப்பா. நீங்களும் படுங்க. தோளு, வெரலுன்னு எம்புட்டுக் காலம்தான் பாடாப் படுறது? மால போடுறேங்குறாகள்ல, வாங்கிக்கிட்டு வந்துருங்க."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"அஸ்வினி சொல்லுச்சு. ஏன், ஒதுங்கிக்கிறேன்னு சொல்லிட்டீகளா?"

"இன்னும் சொல்லல மச்சான்."

"சொல்லிருங்க. எறங்குறதும் ஒரு கெத்துதான மாப்ள."

நல்லகாமன் விரலை மடக்கிப் பார்த்தான். பாதிக்கு மேல் மடங்கவில்லை. பச்சையான ஆடுகளத்தில் இந்த விரலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யோசித்தான். மாலையோடு நிற்பதையும் யோசித்தான். ஒலிபெருக்கியில் அந்த எண்ணைச் சொல்வார்கள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டும். சொல்லப்படும் எண்ணில் ஒன்று குறைவு என்று அவன் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க, எங்கே போனாலும்.

கோவிலில் அடுப்பு மூட்டிவிட்டிருந்தார்கள். கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் பெரிய அண்டாவில் உலை சூடேறிக்கொண்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார்கள். கருப்பன் கையில் அரிவாளோடு வெயிலில் நின்றார். பூசாரி பேயாண்டிக்கு நல்லகாமன் வயதுதான் இருக்கும். மற்ற நாட்களில் உசிலம்பட்டியில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"வாங்கண்ணே! சாமி கும்பிட்டுட்டு செல்ஃபி எடுப்பமா, எடுத்துட்டுக் கும்பிடுவமா?"

"மொதல்ல வேலையப் பாருடா" என்றாள் ஜெயக்கொடி.

கடாவைச் சாமிக்கு எதிரே நிறுத்தினார்கள். மாலை போட்டார்கள். இனிமேல் நடக்க வேண்டியது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினால் கடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். பிறகு அரிவாள். பேயாண்டி வேப்பிலை போட்ட செம்பை எடுத்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஊற்றினான். பேச்சு நின்றது.

ரெக்கார்டு தன் கழுத்து மாலையில் ஒரு பூவைக் கடித்து மென்றது.

சிரிப்பு எழுந்தது. பேயாண்டி இரண்டாவது செம்பை ஊற்றினான். தண்ணீர் வயிற்றுப் பக்கமாக வழிந்து காலடியில் சேறானது. கடா அசையவில்லை. மூன்றாவது செம்பு.

"சாமி யோசிக்குது" என்றான் பேயாண்டி.

"தேர்டு அம்பயர்கிட்டப் போயிருக்குப்பா!" கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்லகாமனும் உதட்டை இழுத்துச் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்திருக்க வேண்டும். சிரிப்பு ஓரங்களிலிருந்து அடங்கியது. வெங்காயம் உரித்த கைகள் நின்றன.

"சிரிப்பென்ன வேண்டிக் கெடக்கு?" ஜெயக்கொடியின் குரல் உடைந்தது. அவள் சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். "கருப்பா, என்னய்யா கொற வச்சோம்? சொன்னது சொன்ன மாதிரி செஞ்சுட்டுத்தான வந்து நிக்கிறோம்?"

நல்லகாமன் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க ஊத்துங்க" என்றான் பேயாண்டி. "யாருக்கு நேந்ததோ அவுக கையால ஊத்தட்டும்."

செம்பு அவன் கைக்கு வந்தது. முத்துப்பாண்டி பக்கத்தில் வந்து, கடாவின் மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார்.

"காதுல ஊத்துங்க மாப்ள" என்றார் மெதுவாக. "காதுக்குள்ள ரெண்டு சொட்டு போனாப் போதும். எந்தக் கெடாவும் சிலுப்பும்."

அவன் பேயாண்டியைப் பார்த்தான். பேயாண்டி புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாரும் செய்யுறதுதாண்ணே. சாமி அதெல்லாம் தப்பா எடுக்காது."

நல்லகாமன் செம்பைக் கடாவின் தலைக்கு மேலே கொண்டுபோனான். காது அவன் கைக்கு நேர் கீழே இருந்தது. உட்புறம் இளஞ்சிவப்பாக, வெயில் ஊடுருவி, மெல்லிய நரம்புகள் தெரிந்தன. ஓர் ஈயை விரட்ட அது ஒரு முறை துடித்தது. மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். அந்த மணிக்கட்டை எந்தத் திசையில் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. ஒரு கணத்தில் முடிந்துவிடும். எல்லோரும் குலவை போடுவார்கள். உலை கொதித்துவிட்டது. இலை வாழைத்தோட்டத்திலிருந்து வந்துவிட்டது.

அம்பயர் தன்னைப் பார்த்த அந்தப் பார்வை நினைவுக்கு வந்தது. அன்று அவருக்கு ஊற்றியாகிவிட்டது. காது நிறைய.

அவன் செம்பை முதுகுக்கு நகர்த்தினான். கழுத்தடியில் தொடங்கி, முதுகெலும்பின் மேலேயே, மெதுவாக, ஒரு துளி தலைப் பக்கம் போகாமல் ஊற்றினான். செம்பு காலியானது. வேப்பிலை மட்டும் கடாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.

காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். கண்மாயில் ஒரு நாரை இடம் மாறி நின்றது. தார்ச்சாலையில் போன பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே தேய்ந்து மறைந்தது. யாரோ இருமினார்கள். அவ்வளவு நீண்ட அமைதியை அவன் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. அதற்குள் நிற்க அவனுக்குப் பிடித்திருந்தது. வந்த நாளிலிருந்து உடம்புக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று அங்கே கொஞ்சம் நின்றது.

கடா சிலுப்பவில்லை.

அவன் செம்பைக் கீழே வைத்தான். "அக்கா, இன்னைக்கு வேணாம்."

"என்னடா வேணாம்?"

"உத்தரவு வரலக்கா."

"வர வைக்கணும்டா! ஒல கொதிக்குது, சனம் பூரா வந்து உக்காந்துருக்கு!"

"வர வச்சது போதும்."

ஜெயக்கொடி அவனை உற்றுப் பார்த்தாள். "ரெக்கார்டு ஒடஞ்சுச்சுல்ல? டிவில போட்டான்ல? அம்பயரு கையத் தூக்கிட்டாருல்ல? பொறவு என்ன?"

அவன் வேட்டி நுனியில் கையைத் துடைத்தான்.

"இன்னொரு மேட்ச் இருக்கு. போயிட்டு வாரேன்."

"போயி என்னத்த எடுக்கப் போற?"

"ஒண்ணு."

"அதான் எடுத்தாச்சே!"

அஸ்வினி வெங்காயத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி அவளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். கோபம் அவள் முகத்திலிருந்து போகவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"அங்கயும் விழுகலைன்னா?"

"கெடா இருக்கும்."

"நீ?"

அவன் குனிந்து காலிச் செம்பை எடுத்துப் பேயாண்டியிடம் நீட்டினான்.

"உத்தரவு இல்லாம வெட்டுற பழக்கம் இங்க கெடையாது" என்று பேயாண்டி பொதுவாகச் சொன்னான், சற்று முன் மரத்தைப் பார்த்ததே இல்லை என்பதுபோல. "ஆனா மறுத்த கெடாவ சாமி எல்லைக்குள்ள நிறுத்தி வைக்கக் கூடாது. இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க."

"நல்லாருக்குய்யா" என்றார் முத்துப்பாண்டி. "சாமிகிட்ட நியாயம் பேசியாச்சு. பந்திக்கு யாரு பேசுறது? டேய் அழகுராஜா, வண்டிய எடுத்துக்கிட்டு செக்கானூரணிக் கறிக்கடைக்கு ஓடுறா. இருக்குறத அம்புட்டையும் அள்ளிட்டு வா!"

சிலர் சிரித்தார்கள். வெங்காயம் உரிப்பது மறுபடி தொடங்கியது.

நல்லகாமன் கரை மேல் ஏறிப்போய்ப் போனை எடுத்தான்.

"சார், நான் வாரேன்."

"மாலைக்கா, ஆடறதுக்கா?" என்றார் கல்யாணராமன்.

"ஆட."

"ஏன் நல்லா?"

"ஒரு விக்கெட் வேணும் சார்."

"அதான் வந்துடுத்தே."

"வரல சார்."

இணைப்பு போய்விட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நானும் டிவில பார்த்தேன்" என்றார் அவர் கடைசியில். "பார்த்துட்டு, பேசாம இருந்துட்டேன்." "அந்தப் பிட்ச்ல ஒண்ணுகூடக் கிடைக்காமப் போகலாம்ப்பா."

"தெரியும் சார்."

"சரி. விரலுக்கு ஏதாவது தடவிண்டு வா."

அன்று மாலையே விமானம். வீட்டில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். முத்துப்பாண்டி வண்டியைத் திருப்பினார். நல்லகாமன் மறுபடியும் பின்னால் ஏறிக் கடாவை இழுத்துச் சாக்கின் மேல் நிறுத்தினான். அதன் வயிற்று மயிரிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அஸ்வினி வண்டிக்குப் பக்கத்தில் வந்து, சாமி பாதத்தில் வைத்த ஓர் எலுமிச்சம்பழத்தை அவன் கையில் கொடுத்தாள். "வீட்டுச் சாவி ஜன்னல் ஓரமா இருக்கு" என்றாள்.

வண்டி மண்பாதையில் ஆடிக்கொண்டே இறங்கியது. அவன் பழத்தைச் சுழற்றிப் பார்த்தான். மோதிர விரல் வலித்தது, ஆனால் பழம் சுழன்றது. அடுத்த வாரம் இதே நேரம் குளிர் ஊரில் ஏதோ ஒரு ஓவரின் நடுவில் இருப்பான். பந்து திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நாள் முழுக்க வீசிவிட்டு வெறுங்கையோடு படியேறலாம். மறுபடியும் அந்தச் சத்தம் ஒன்று கேட்கலாம், கேட்டால் அவன் என்ன செய்வான் என்பது அப்போதுதான் தெரியும். பயமாக இருந்தது. உடம்புக்குள் மறுபடியும் அந்தப் பரபரப்பு ஓடத் தொடங்கியது. ஆனால் அது இப்போது ஒரு திசை பார்த்து ஓடியது.

சாமி எல்லைக் கல்லைத் தாண்டுவதற்கு முன்பே, மண்பாதை தார்ச்சாலையில் ஏறும் மேட்டில், வண்டி ஒரு கணம் நின்றது. முத்துப்பாண்டி லாரி ஒன்று கடந்து போகக் காத்திருந்தார். திரும்பிப் பார்த்தால் புளியமரமும் அண்டாவின் புகையும் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

ரெக்கார்டு நான்கு கால்களையும் அகட்டி ஊன்றியது. கொம்பிலிருந்து வால் வரைக்கும், தோல் வேறு எலும்பு வேறாகத் தெரிய, உடம்பை ஓங்கிச் சிலுப்பியது. வேப்பிலை பறந்தது. மஞ்சள் தண்ணீர் நல்லகாமனின் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. தகரப் பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன.

"மாப்ள, என்ன சத்தம்?" முத்துப்பாண்டி முன்னாலிருந்து கேட்டார்.

கடா அவனைப் பார்க்கவில்லை. சாக்கின் ஓரத்தில் ஒரு நூலைக் கண்டுபிடித்து அதை மெல்லத் தொடங்கியிருந்தது. வெடித்த விரலில் ஒரு துளி விழுந்து எரிந்தது. அவன் புளியமரத்தைப் பார்த்தான். அஸ்வினி இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மச்சான்" என்றான். "எடுங்க, போவோம்."